ஒன்பது பச்சைப் புள்ளிகள்

முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் நான். எழுபத்தேழு வயதில் என் மகன் எனக்கே ஒரு பரீட்சை வைத்தான். ஈஸ்டர் முடிகிற வரை அவன் கைபேசியில் என் பெயருக்கு நேரே மூன்று சிவப்புப் புள்ளி விழக்கூடாது. விழுந்தால் ஊருக்கு வெளியே அத்திபெலேயில் உள்ள முதியோர் இல்லம். விழாவிட்டால் மர்பி டவுனில் என் சொந்த வீட்டில், என் கட்டிலில், சாகிற வரை இருந்துகொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது கிளெமென்ட் குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதுமே உயர்த்துவதில்லை. சர்ஜாபூர் ரோட்டில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பில்டருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வீடுகளை இடித்தாயிற்று. நடுவில் என் வீடு மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி நிற்கிறது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசினான்.

ஜனவரி கடைசியில் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். ஹால், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் கூரையை ஒட்டி வெள்ளையாக ஒரு பெட்டியை மாட்டினார்கள். அதில் கேமரா இல்லை, ஆள் எங்கே இருக்கிறாள், நிற்கிறாளா, தரையில் கிடக்கிறாளா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும் என்றார்கள். ஃபிரிட்ஜ் கதவில் பட்டன் மாதிரி ஒன்று, மாத்திரை டப்பாவில் ஒன்று, வாசல் கதவில் ஒன்று. நான் ஃபிரிட்ஜைத் திறந்தால் சர்ஜாபூர் ரோட்டில் தெரியும். மாத்திரை எடுக்காவிட்டால் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே போனாலும் தெரியும். காலையில் ஃபிரிட்ஜோ டப்பாவோ திறக்காவிட்டாலும், நேரம் தாண்டி வெளியே இருந்தாலும் சிவப்பு.

யாராவது தரையில் கிடந்தால் பெட்டி வாயைத் திறக்கும். "நீங்கள் கீழே விழுந்துவிட்டீர்களா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்" என்று செய்தி வாசிக்கிற தமிழில் கேட்கும். இல்லை என்றால் பச்சைப் புள்ளி. யாருக்கும் தகவல் போகாது. ஆம் என்றாலோ, அரை நிமிஷம் பதிலே வராவிட்டாலோ சிவப்பு. கிளெமென்ட்டுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும்.

"தனியாதான் இருப்பேன்னு நீதானே மம்மி அடம் பிடிக்கற? இது இருந்தா இருக்கலாம். எனக்கும் நிம்மதி" என்றான்.

வயதானவர்கள் யார் தயவும் இல்லாமல் வாழலாம் என்று அந்தப் பெட்டி வந்த அட்டை உறை மேல் அச்சடித்திருந்தது. படத்தில் நரைத்த தலை ஜோடி ஒன்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பிள்ளை எங்கே குடியிருக்கிறானோ தெரியாது.

முதல் சிவப்பு சாம்பல் புதன்கிழமை விழுந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் கட்டில் ஓரத்தில் முழங்காலில் நின்றேன். அறுபது வருஷ வழக்கம். அந்த உயரத்தில் ஆள் இருந்தால் பெட்டிக்கு அது விழுந்ததாகத்தான் படும். கேட்டது. ஜெபத்தின் நடுவில், ஆமென் சொல்லாமல், நான் கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொன்னதில்லை. என் கல்யாணத்தன்று காலையிலும் சொல்லவில்லை. அரை நிமிஷம் ஓடிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து தெருவையே எழுப்பியது. நைட்டியோடு வாசலில் நின்று, எனக்கு ஒன்றும் இல்லை என்று அதில் வந்தவர்களுக்கு நானே கன்னடத்தில் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதமான லெந்தின் முதல் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மத்தியானம் வரை எனக்கு உபவாசம். ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற மாத்திரை என்பதால் அந்த டப்பாவையும் திறக்கவில்லை. பதினொன்றரைக்கு கிளெமென்ட் போன் செய்தான்.

"மம்மி, ரெண்டாவது ரெட்."

"லெந்துடா. உபவாசம்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆப்புக்குத் தெரியாதே. ரூல்னா ரூல்தான் மம்மி. நீதான் சொல்லுவ."

ஆமாம், நான்தான் சொல்வேன். பரீட்சை ஹாலுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த பிள்ளைகளை வெளியே நிற்க வைத்துவிட்டு, விதி என்றால் விதி என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவன் கிளெமென்ட். அப்பாவுக்கு ஜுரம், மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்று கெஞ்சினான். நான் கதவைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து கர்த்தரிடம் நாற்காலியில் உட்கார்ந்தே பேசினேன். உபவாச நாளிலும் எட்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, மூன்று வரை எண்ணி, மூடினேன். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினேன், வயிறு எரிந்தது. கர்த்தருக்கு முன்னால் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து வாரம் ஒரு சிவப்பும் இல்லை. இனி எவன் வந்தாலும் இந்த வீட்டை விட்டு என்னை அசைக்க முடியாது என்று மனசுக்குள் ஒரு திமிரும் வந்துவிட்டது.

இனி யூனிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. என்னைவிட மூன்று வயது சின்னவள். ஜீவனஹள்ளியில் மகள் சிந்தியாவோடு ஒற்றை அறையில் இருந்தாள். தினம் பத்து மணிக்கு பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருவாள். வெங்காயம் நறுக்கித் தருவாள். நான் பேசுவதைக் கேட்பாள், திட்டுவதையும் கேட்பாள். ஐம்பது வருஷமாக நான் அவளை வாடி போடி என்றேன், அவள் என்னை டீச்சர் என்றாள். யாராவது கேட்டால் "எங்க ஸ்கூல் ஆயா" என்று சொல்வேனே தவிர, தோழி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளைத் தவிர என் வீட்டுப் படியை வேறு யாரும் மிதிப்பதில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் சர்ச்சில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. சர்ச் நாலு தெரு தள்ளித்தான். ஆனால் ஆராதனை மூன்று மணி நேரம், வாசல் கதவு எனக்குக் கொடுத்த நேரம் இரண்டு. கிளெமென்ட்டிடம் கேட்டேன். "அதுவும் ரெட்டுதான் மம்மி. யூடியூப்ல லைவ் போடறாங்களே, பாரேன்" என்றான்.

யூனிஸ்தான் வழி சொன்னாள்.

"நான் உங்க கூடவே இருந்துக்கறேன் டீச்சர். சிலுவை நாளு அதுவுமா ஒண்டியா ஒக்காந்துகினு இருப்பீங்களா?"

ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் ஊற்றுகிற கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் அவளுக்கு உயிர். வருஷம் முழுக்க அதைப் பற்றிப் பேசுவாள். அதை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். "லேட்டா வராதே" என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்றரைக்கு வெள்ளைப் புடவையில் வந்தாள். ஏப்ரல் வெயில். ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தல நோவுது டீச்சர். ராத்திரி புடிச்சி உடவே இல்ல."

"எனக்கும்தான் நோவுது. உபவாசம்னா விருந்தா? உக்காரு."

ஹாலில் இரண்டு நாற்காலி போட்டேன். பன்னிரண்டு அடித்ததும் வேதாகமத்தைத் திறந்தேன். பக்கத்தில் பார்த்தால் யூனிஸ் தரையில் முழங்காலில் நிற்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டி திறந்தது. இல்லை என்று சொல்லி அதை அடக்கினேன். பிறகு இவள் பக்கம் திரும்பினேன்.

"எழுந்திருடி."

"கர்த்தர் நம்மளுக்கோசரம் தொங்கிகினு இருந்தாரு டீச்சர். நான் போயி சேர்ல ஒக்காந்துகினு…"

"உன் முட்டியால என் வீடு போயிடும். ஏறி உக்காரு!"

எழுந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாவது மன்னிப்பைப் பற்றியது. அதை வாசித்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தேன். பாதியில் பக்கத்தில் பொத்தென்று ஒரு சத்தம். உடனே பெட்டி கேட்டது. மறுபடியும் முழங்காலில் இறங்கிவிட்டாள், என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணைத் திறக்காமலே "இல்லை" என்றேன். ஜெபத்தின் நடுவில் யாருக்கும் பதில் சொல்லாதவள், அந்தப் பெட்டிக்குச் சொன்னேன். "சொன்னா கேக்க மாட்டியாடி?" என்று இவளையும் ஒரு அதட்டல் அதட்டிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தேன். ஆமென் வரை போக ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

கண்ணைத் திறந்தபோது யூனிஸ் நாற்காலிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

எங்கள் சர்ச்சில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் இரண்டு பேராவது மயங்கி விழுவார்கள். வெறும் வயிறு, வெயில், மூன்று மணி நேரம். யாராவது சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவருவார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், ஐந்தாவது நிமிஷம் விழுந்தவர் எழுந்து வெட்கத்தோடு சிரிப்பார். என் கையாலேயே பத்துப் பேரை அப்படி எழுப்பியிருக்கிறேன். இதுவும் அந்த மயக்கம்தான் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பமாகவும் இருந்தது.

சர்க்கரையைக் கரைத்து எடுத்துவந்து வாயில் ஊற்றினேன். வலது ஓரமாக வழிந்து புடவையை நனைத்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதுவும் வழிந்தது. தூக்கி சோபாவில் போடலாம் என்று தோளைப் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். அதற்குள் பெட்டி மறுபடியும் கேட்டது. இல்லை என்றேன். ஆள் தரையில் கிடக்கிற வரை அது சும்மா இருக்காது. கால் மணிக்கு ஒருமுறை, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, அதே குரலில் அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையிலே போன் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அது யாருக்காக வந்தது என்று கிளெமென்ட் விசாரித்துக்கொண்டிருப்பானா? மூன்றாவது சிவப்பு என்று எழுதிவிட்டுப் பெட்டி படுக்கையைக் கட்டச் சொல்வான். பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் பக்கத்தில் வீடே இல்லை. எதிர்வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். இந்தக் காரணங்களையெல்லாம் அன்றைக்கே வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். வீடு, வீடு, இன்னும் இரண்டே நாள் என்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது முறை பெட்டி கேட்டபோது ஒன்று நடந்தது. ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்று அது முடித்ததும் யூனிஸின் வாய் அசைந்தது.

"ஆ… ஆ…"

நான் குரலை உயர்த்தி, அவள் குரலுக்கு மேலே, "இல்லை!" என்று கத்தினேன்.

வலியில் முனகினாள் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷம் கேள்வி கேட்டவள் நான். பதில் தெரிந்த பிள்ளை வாயைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யூனிஸ் என்னைப் பார்த்தாள். இடது கண் மட்டும்தான் பார்த்தது. அதில் கோபம் இல்லை. அவள் என்னிடம் கோபப்பட்டதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"கொஞ்ச நேரம் தூங்குடி. மூணு மணிக்குக் கஞ்சி தரேன்" என்றேன்.

மிச்சம் ஆறு வார்த்தைகளையும் உரக்க வாசித்தேன், அவளுக்கும் கேட்கட்டும் என்று. நடுநடுவே பெட்டிக்கு இல்லை சொன்னேன். தாகமாயிருக்கிறேன் என்கிற வார்த்தையை வாசிக்கும்போது அவள் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. குறட்டை விடுகிறாள், தூங்கட்டும் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஊறுகாய் வைத்து, அவள் முகத்தைத் திருப்பினேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எவ்வளவு உலுக்கியும் கண் விழிக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். அப்போதும் பெட்டிக்கு ஆம் சொல்லவில்லை. சிந்தியாவுக்குப் போன் போட்டேன்.

சிந்தியா காக்ஸ் டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். யூனிஃபார்ம் சட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது மூன்றே முக்கால். தாயைப் பார்த்ததும் அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள்.

"நீங்க வரலயா ஆண்ட்டி?"

"முட்டி வலிம்மா. என்னால முடியாது. நீ போ, நான் ஜெபம் பண்றேன்."

முட்டி வலிக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப முடியாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதலில் போன நர்சிங் ஹோமில் ஸ்கேன் வசதி இல்லை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கு ரோட்டை மறித்திருந்தார்களாம். ஐந்து மணிக்கு மேல் சிந்தியாவிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"ஆண்ட்டி, மூளைல ரத்தம் அடச்சிகிட்டிருக்காம். டாக்டர் கேக்கறார், அம்மா கரெக்டா எத்தன மணிக்கு விழுந்தாங்க? நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஒரு ஊசி இருக்குதாம். அதுக்கு மேல ஆயிருந்தா போட மாட்டாங்களாம். சரியா சொல்லுங்க ஆண்ட்டி, அதுலதான் இருக்குது எல்லாம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து. யூனிஸ் விழுந்தது பன்னிரண்டே கால் தாண்டி. கணக்குப் போட எனக்கு விரல் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் ஊசி கிடையாது. உண்மையைச் சொன்னால் அப்புறம் இன்னொரு கேள்வி வரும்: மூணு மணி வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க ஆண்ட்டி? பொய் சொன்னால் யூனிஸுக்கு ஊசியும் கிடைக்கும், எனக்குக் கேள்வியும் வராது. ஒரே பதிலில் இரண்டு பேருக்கும் நல்லது. மருந்து என்றால் நல்லதுதான் செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். நேரம் தாண்டினால் ஏன் போட மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

"மூணு மணிம்மா. மூணு அடிச்சுது, விழுந்தா. உடனே உனக்குப் போன் பண்ணேன்."

"நிச்சயமா ஆண்ட்டி?"

"நான் பக்கத்துல இருந்தேன்ல?"

"தேங்க்ஸ் ஆண்ட்டி. நீங்க இல்லாட்டி…" என்று சொல்லி அழுதாள். போனை வைத்துவிட்டேன்.

ஊசி போட்டார்கள். ராத்திரி தலைக்குள் ரத்தம் கசிந்தது. சனிக்கிழமை விடிவதற்குள் யூனிஸ் போய்விட்டாள். நேரம் கடந்து போட்டால்தான் அப்படி அதிகம் ஆகும், சரியான நேரத்தில் போட்டாலும் நூற்றில் சிலருக்கு ஆகிவிடும், உங்கள் அம்மாவுக்கு விதி அப்படி என்று டாக்டர் சிந்தியாவிடம் கன்னடத்தில் விளக்கினாராம். அவள் அதை வரிக்கு வரி என்னிடம் ஒப்பித்தாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கிளெமென்ட்டின் காரில் போனேன். அவன் கூட இருந்தால் கதவு எதையும் எழுதாது. சிந்தியா என் கையை விடவே இல்லை. "கடைசி வரைக்கும் உங்க கூட ஜெபத்துல இருந்தாங்க ஆண்ட்டி. எத்தன பேருக்குக் கிடைக்கும்?" என்றாள். வந்தவர்களிடமெல்லாம் மூன்று மணி, மூன்று மணி என்றாள். ஆண்டவர் உயிர் விட்ட நேரம் என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். பாஸ்டர் ஐயா பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். நான் சொன்ன பொய் ஒரே நாளில் சாட்சியாகிவிட்டது. கிளெமென்ட் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஜெபிக்கிறான் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் காலையில் அவன் தனியாக வந்தான். கேக் கொண்டுவந்திருந்தான். ஹாலில் உட்கார்ந்து கைபேசியை மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"பரீட்சை முடிஞ்சுது மம்மி. ரெண்டு ரெட்தான். நீ பாஸ்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. சொன்னால் கேவலம்தான். யூனிஸைப் புதைத்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. ஆனாலும் நிறைந்தது. இந்தத் தரை, இந்த ஜன்னல், என் கட்டில் எல்லாம் எனக்குத்தான்.

"இந்தப் பச்சைங்க மட்டும் பாரேன்" என்று விரலை வைத்து மேலே தள்ளினான். "வெள்ளிக்கிழமை. பன்னெண்டு ரெண்டுக்கு ஒண்ணு, அத விடு. பன்னெண்டு பதினேழு. பன்னெண்டு முப்பத்தொண்ணு. பன்னெண்டு ஐம்பது. அப்படியே வந்து ரெண்டு ஐம்பது வரைக்கும். மூணுக்கு அப்புறம் வந்ததையும் விடு. ஒம்பது தடவ தரையில ஆள் கிடக்குதுன்னு கேட்டிருக்கு. ஒம்பது தடவையும் நீ இல்லன்னு சொல்லியிருக்க."

நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கிடந்தா ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க மாட்ட. ஒண்ணே முக்காலுக்கு ஃபிரிட்ஜ் திறந்திருக்கு. அப்ப தரையில கிடந்தது யாரு மம்மி?"

கேக் வெட்டுகிற கத்தியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"வாய்ஸும் சேவ் ஆகியிருக்கு. ஒண்ணு இருபத்தொம்பதுல யூனிஸ் ஆண்ட்டி குரலும் இருக்கு, உன் குரலும் இருக்கு. போடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

"டாக்டர்கிட்ட மூணு மணின்னு சொல்லி ஊசி போட வச்சிருக்க. சிந்தியாவுக்கு இது தெரிஞ்சா…" அவன் முடிக்கவில்லை. கேக்கை ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தான். "தெரிய வேணாம். நான் சொல்ல மாட்டேன். நீ என்ன பண்ற, நீயா கேட்டு அத்திபெலேக்குப் போறதா எல்லார்கிட்டயும் சொல்லிடு. நான் அனுப்பினதா இருக்க வேணாம். லீனாகிட்டயும் நீயே பேசிடு." லீனா கனடாவில் இருக்கிற என் மகள்.

நான் அவனைப் பார்த்தேன். தப்பைக் கண்டுபிடித்த உடனே பிள்ளையை அடித்துவிட்டால் வேலை முடிந்துபோகும். அதைக் கையில் வைத்துக்கொண்டால் வருஷம் பூராவும் அவன் சொன்ன பேச்சைக் கேட்பான் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னவள் நான். அவன் என் பிள்ளைதான். சந்தேகமே இல்லை.

"சிந்தியாகிட்ட நானே உண்மையைச் சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"சொல்லு. அப்ப நீ இங்கயே இருக்கலாம். நான் தடுக்கல" என்றான் கிளெமென்ட்.

ஆறு நாள் எனக்கு அவகாசம் இருந்தது. சிந்தியாவின் நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு தடவை மணி அடிக்கவும் விட்டேன். "சொல்லுங்க ஆண்ட்டி" என்றதும், சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு வைத்தேன். வீட்டுக்காக ஒன்பது தடவை இல்லை என்று சொன்ன வாயில், அதே வீட்டுக்காக ஒரு தடவை உண்மை வரவில்லை.

சனிக்கிழமை கிளெமென்ட் காரைக் கொண்டுவந்தான். நான் சொல்லாமலே சிந்தியா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. என் புடவைகளை மடித்து அடுக்கினாள். மாத்திரைகளை வேளை வாரியாகக் காகிதத்தில் மடித்து எழுதினாள். துணிப்பெட்டியை அவளே தூக்கி டிக்கியில் வைத்தாள். கிளெமென்ட் காருக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு ஆண்ட்டி போறீங்க? இவ்ளோ நாளு போக மாட்டேன்னு எவ்ளோ அடம் புடிச்சீங்க. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அவங்க இல்லாத வீட்ல இருக்க முடியலயா?"

அவளே பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாள்.

"எங்கம்மா மேல உங்களுக்கு அவ்ளோ பாசமா ஆண்ட்டி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.